எலிசபெத் கூல்டின் குளிர்காலப் பறவைப் படங்கள்: அசலை அறிந்து வாங்கவும் பாதுகாக்கவும் முழுமையான வழிகாட்டி

எலிசபெத் கூல்ட் (1804–1841) அச்சுக் கல்லில் வரைந்து, அதிலிருந்து தாளில் எடுத்த (கல்லச்சு) பறவைப் படங்கள் இன்றும் தனித்தாள்களாக விற்பனைக்கு வருகின்றன. அவற்றில் வாக்ஸ்விங், புல்ஃபிஞ்ச், பிராம்ப்ளிங், ரெட்விங், ஸ்னோ பண்டிங் போன்ற ஐரோப்பியக் குளிர்காலப் பாடும் பறவைகளைத் தேடுவோர் அதிகம். அதனாலேயே போலிகளும் மறுபதிப்புகளும் கூடவே வருகின்றன.

புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் தடுக்கி விழுகிறார்கள். பறவையைப் பார்க்கிறார்கள், வண்ணத்தில் மயங்குகிறார்கள், விலை பேசுகிறார்கள், அதன் பிறகே தாளைத் திருப்பிப் பார்க்கிறார்கள். இந்த வரிசையைத் தலைகீழாக்க வேண்டும். இந்தப் படங்களில் கோடு அச்சு, வண்ணம் கைவேலை. கோடு எல்லாப் பிரதிகளிலும் ஒன்றே. வண்ணம் பிரதிக்குப் பிரதி மாறும். எனவே சாட்சி சொல்ல வேண்டியது கோடும் தாளும். வண்ணத்தின் முறை அதற்குப் பிறகுதான்.

1. கையில் இருக்க வேண்டியவை

பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் ஒன்று. நகைக்கடைக்காரர்களும் கடிகாரம் பழுது பார்ப்பவர்களும் வைத்திருக்கும் அதே வகைதான். கைப்பேசி கேமராவில் பெரிதாக்கிப் பார்ப்பது இதற்கு ஈடாகாது. கேமராவின் மென்பொருள் புள்ளிகளை மெழுகி மறைத்துவிடும்.

சிறிய எல்.இ.டி. டார்ச், 365 நானோமீட்டர் புற ஊதா டார்ச், மில்லிமீட்டர் குறித்த நீண்ட ஸ்கேல், மென்மையான பென்சில் ஆகியவையும் வேண்டும். பேனா அந்த மேசைக்கே வரக்கூடாது.

தாள் பெரியது. அதைவிடப் பெரிய, காலியான மேசையில் புதிய வெள்ளை பிளாட்டிங் (மை உறிஞ்சும்) தாளை விரித்துக்கொள்ளுங்கள். கையைச் சோப்புப் போட்டுக் கழுவி நன்றாக உலர்த்தினால் போதும். துணிக் கையுறை போட்டால் விரலுக்குத் தாளின் ஓரம் தெரியாது. கிழிசல்கள் அப்படித்தான் பெரிதாகின்றன. தாளை எப்போதும் எதிரெதிர் மூலைகளில் இரண்டு கைகளாலும் தூக்குங்கள்.

2. எந்த நூலின் தாள் என்று முடிவு செய்யுங்கள்

இவை தனிப் படங்களாக வெளியானவை அல்ல. பெரிய நூல்களுக்காக அச்சிடப்பட்டுப் பின்னர் பிரிக்கப்பட்டவை. எந்த நூல் என்று தெரிந்தால் மற்றக் கேள்விகளில் பாதி தீர்ந்துவிடும்.

எலிசபெத் வரைந்த முதல் பெரிய தொகுதி இமயமலைப் பறவைகள் பற்றிய 'எ செஞ்சுரி ஆஃப் பேர்ட்ஸ் ஃப்ரம் தி ஹிமாலயா மவுன்டன்ஸ்'. 1830-களின் தொடக்கத்தில் வந்த அதில் 80 படத்தாள்கள். முதலில் வெளியான பிரதிகளில் பறவைக்கு மட்டுமே வண்ணம். கிளையும் இலையும் கறுப்பு வெள்ளையாகவே இருக்கும். பின்னர் வந்தவற்றில் பின்னணிக்கும் வண்ணம் உண்டு. கிளைக்கு வண்ணம் இல்லை என்பதற்காக அரைகுறை வேலை என்று ஒதுக்கிவிடாதீர்கள்.

நாம் தேடும் குளிர்காலப் பறவைகள் இருப்பது 'தி பேர்ட்ஸ் ஆஃப் யூரோப்' நூலில். 1832 முதல் 1837 வரை பகுதி பகுதியாக வந்தது. மொத்தம் 448 படத்தாள்கள். அவற்றில் 68 எட்வர்ட் லியர் வரைந்தவை. ஆந்தை, நாரை போன்ற பெரிய பறவைகள் பலவும் அவர் பங்கு. சிறு பறவைகளைத் தேடிப் போனால் பெரும்பாலும் எலிசபெத் வரைந்த தாளுக்கே வந்து சேர்வீர்கள்.

அடிக்கடி நடக்கும் குழப்பம் மூன்றாவது நூலால் வருகிறது. எலிசபெத்தின் கணவர் ஜான் கூல்ட் 1862 முதல் 1873 வரை 'தி பேர்ட்ஸ் ஆஃப் கிரேட் பிரிட்டன்' என்ற நூலை வெளியிட்டார். 367 படத்தாள்கள், தாளின் அளவு ஏறக்குறைய அதே, அதே வாக்ஸ்விங், அதே புல்ஃபிஞ்ச். ஆனால் எலிசபெத் 1841-லேயே இறந்துவிட்டார். அந்தத் தாள்கள் ஹென்றி ரிக்டர், வில்லியம் ஹார்ட், ஜோசப் வோல்ஃப் ஆகியோரின் உழைப்பு. அவை அசலான, அழகான படங்கள்தான். ஆனால் 'திருமதி கூல்டின் வாக்ஸ்விங்' என்று அவற்றை விற்பது தவறு. கூல்ட் என்ற பெயரைக் கண்டதும் வாங்கிவிடுபவர்கள் இங்கேதான் ஏமாறுகிறார்கள்.

படத்தின் அமைப்பே ஓரளவு காட்டிக்கொடுக்கும். ஐரோப்பா நூலில் பெரும்பாலும் ஒரு கிளை, அதில் ஒன்றிரண்டு பறவைகள், சுற்றிலும் வெற்றுத் தாள். பிரிட்டன் நூலில் கூடு, குஞ்சு, பூங்கொத்து என்று காட்சி நிறைந்திருக்கும். 'குளிர்காலப் பறவை' என்றதும் பனி மூடிய நிலத்தை எதிர்பார்த்து, அது இல்லாததால் ஏமாற்றம் அடைபவர்களும் உண்டு. குளிர்காலம் பறவையின் வாழ்க்கையில் இருக்கிறது. படத்தில் இருக்க வேண்டிய அவசியமில்லை.

3. அடிவரியைப் படியுங்கள்

படத்துக்குக் கீழே பறவையின் ஆங்கிலப் பெயரும் அறிவியல் பெயரும் இருக்கும். அதைவிடச் சிறிய எழுத்தில் இடப்பக்கம் வரைந்தவர் பெயர், வலப்பக்கம் அச்சிட்டவர் பெயர். பார்க்க வேண்டியது அந்தச் சிறிய எழுத்தை.

ஐரோப்பா நூலில் இடப்பக்கம் 'டிரான் ஃப்ரம் நேச்சர் அண்ட் ஆன் ஸ்டோன் பை ஜே. அண்ட் ஈ. கூல்ட்' என்ற பாணியில் இருக்கும். நேச்சர் என்ற இடத்தில் லைஃப் என்றும் வரும். இதில் 'ஈ' என்பதுதான் எலிசபெத். ஜான் பறவையின் நிலையைக் கிறுக்கலாகக் காட்டுவார். அதை ஓவியமாக்கிக் கல்லில் வரைந்தவர் எலிசபெத். இமயமலை நூலில் 'ஈ. கூல்ட்' மட்டும் இருக்கும். வலப்பக்கம் லண்டன் கல்லச்சாளர் சி. ஹல்மண்டல் பெயர்.

'ஜே. கூல்ட் அண்ட் ஹெச். சி. ரிக்டர்' என்றோ, அச்சிட்டவர் 'வால்டர்' என்றோ இருந்தால் அது எலிசபெத்துக்குப் பிற்பட்டது. எட்வர்ட் லியருக்கும் முதலெழுத்து 'ஈ' என்பதால் அவசரத்தில் குழம்ப வேண்டாம். அவர் தாள்களில் லியர் என்றே இருக்கும்.

அடிவரியே இல்லையென்றால் ஓரம் வெட்டப்பட்டிருக்கிறது அல்லது படத்தைச் சுற்றி ஜன்னல்போல் வெட்டி வைக்கும் மவுண்ட் அட்டைக்குள் மறைந்திருக்கிறது. மறைந்திருந்தால் திறந்து காட்டச் சொல்லுங்கள். மறுத்தால் நகர்ந்துவிடுங்கள்.

கீழே பென்சிலில் 'ஈ. கூல்ட்' என்று கையெழுத்தோ, '25/500' போன்ற வரிசை எண்ணோ இருந்தால் மகிழ்ந்துவிட வேண்டாம். அச்சுப் படங்களில் பென்சிலால் ஒப்பமிடும் வழக்கம் 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான் பரவியது. யாரோ பிறகு சேர்த்த அலங்காரம் அது.

அறிவியல் பெயர் இன்றைய பறவை நூலோடு பொருந்தாவிட்டால் அது குறையல்ல. அந்தக் காலத்துக்குப் பிறகு பல பேரினங்களின் பெயர்கள் மாறிவிட்டன. பழைய பெயர் இருக்க வேண்டிய இடத்தில் இன்றைய பெயர் இருந்தால்தான் சந்தேகப்பட வேண்டும்.

4. அளவெடுங்கள்

வெட்டப்படாத ஐரோப்பா நூல் தாள் ஏறக்குறைய 54–55 செ.மீ. உயரமும் 36–37 செ.மீ. அகலமும் இருக்கும். நூலைக் கட்டியவர் ஓரம் செதுக்கியிருப்பார் என்பதால் ஒரு செ.மீ. கூடக் குறையலாம். ஏ4, ஏ3 அளவில் ஒரு தாள் வந்தால் மேலே ஆராய ஒன்றுமில்லை.

ஒரு நீண்ட ஓரத்தை விரலால் தடவிப் பாருங்கள். நூலிலிருந்து பிரித்த தாள் என்றால் அங்கே தையல் துளைகளோ, பசைத் தடமோ, சீரற்ற விளிம்போ இருக்கும். மற்ற மூன்று ஓரங்களில் தங்கப்பூச்சின் மிச்சம் இருக்கலாம். இவை அழுக்கல்ல, பிறப்புச் சான்று. அழகுக்காக அவற்றைச் செதுக்கிவிடும் ஃபிரேம் கடைகளைப் பற்றி 12-ஆம் பகுதியில் சொல்கிறேன்.

கல்லச்சில் தட்டு அழுத்திய பள்ளம் வராது. செப்புத்தகட்டு அச்சில்தான் படத்தைச் சுற்றிச் செவ்வகமாக ஒரு பள்ளம் பதியும். கூல்ட் படம் என்று சொல்லிக்கொண்டு அந்தப் பள்ளமும் இருந்தால், பழமை தோன்றுவதற்காக யாரோ அழுத்திச் சேர்த்தது அது.

5. லென்ஸ்: முதலில் எழுத்து, பிறகு கிளை, கடைசியில் பறவை

அவசரம் கூடாத படி இதுதான். லென்ஸைக் கண்ணோடு ஒட்டி வைத்துக்கொண்டு, தாளை நோக்கிக் குனிந்து, கூர்மையாகத் தெரியும் தூரத்தில் நில்லுங்கள். லென்ஸைத் தாளின்மேல் வைத்து எங்கோ உயரத்திலிருந்து பார்ப்பவர்களுக்கு எதுவும் தெரியாது.

அடிவரி எழுத்திலிருந்து தொடங்குங்கள். காரணம், அங்கே வண்ணம் இல்லை. கண்ணை ஏமாற்ற எதுவுமில்லை. அசலில் எழுத்து ஒரே கறுப்பு மையில் முழுமையாக இருக்கும். கையால் எழுதியதற்கான சிறு ஏற்ற இறக்கம் தெரியும். புகைப்படம் எடுத்து நான்கு வண்ண ஆஃப்செட்டில் (இன்றைய இயந்திர அச்சில்) அச்சிட்ட பிரதியில் எழுத்தின் விளிம்பு நீலம், இளஞ்சிவப்பு, மஞ்சள் புள்ளிகளாகச் சிதறும்.

அடுத்து கிளையின் நிழல் பகுதி. கல்லச்சுக்கான சுண்ணாம்புக் கல்லின் மேற்பரப்பைச் சொரசொரப்பாக்கி, அதில் கொழுப்புக் கலந்த சாக்கட்டியால் வரைவார்கள். சாக்கட்டி கல்லின் மேடுகளில் மட்டும் பதியும். அதனால் நிழல் என்பது ஒழுங்கற்ற, ஒன்றுக்கொன்று ஒப்பில்லாத கறுப்புத் துணுக்குகளாகத் தெரியும். அழுத்தி வரைந்த இடத்தில் துணுக்குகள் சேர்ந்து கருமையாகும். மெல்லத் தொட்ட இடத்தில் பிரிந்து கரையும்.

மறுபதிப்புகள் இங்கே வேறு முகம் காட்டும். ஆஃப்செட்டில் சம இடைவெளியில் அணிவகுத்த புள்ளிகள் பூ வடிவில் சுழலும். இங்க்ஜெட்டில் மிக நுண்ணிய வண்ணத் தூறல் எல்லா இடத்திலும், வெற்றுத் தாளாக இருக்க வேண்டிய பகுதியில்கூடத் தெரியும். தாளின் பழுப்பையே அச்சடித்திருக்கிறார்கள் என்பது அப்போது புரியும். குரோமோ கல்லச்சு (வண்ணத்தையும் கல்லிலேயே அச்சிடும் முறை) என்றால் துணுக்குகளே பல வண்ண மைகளில் இருக்கும். கூல்ட் படங்களில் அச்சு ஒரே மையில்தான்.

இனிப் பறவை. வாக்ஸ்விங் கையில் இருந்தால் சிறகைப் பாருங்கள். அந்தப் பறவையின் சிறகிறகு நுனிகளில் அரக்குத் துளி போன்ற சிவப்புப் புள்ளிகள் உண்டு. பெயரே அதனால் வந்தது. அசலில் ஒவ்வொரு துளியும் தூரிகையின் ஒரு தொடுதல். லென்ஸில் அது ஒரு பக்கம் மெலிந்தும், நீர் ஒதுங்கிய மறுபக்கம் அடர்ந்தும் இருக்கும். கறுப்புக் கோட்டைவிட மயிரிழை வெளியே வழிந்திருக்கலாம். அல்லது கோட்டைத் தொடாமலே நின்றிருக்கலாம். அச்சுக்கும் வண்ணத்துக்கும் இடையே இப்படி ஒரு சிறிய பொருத்தமின்மை எங்கேயாவது இருந்தே தீரும். எல்லாத் துளிகளும் கோட்டுக்குள் கச்சிதமாக அடங்கியிருந்தால் எனக்கு நம்பிக்கை குறையும்.

டார்ச்சைத் தாளோடு ஏறக்குறையப் படுக்கவைத்துப் பக்கவாட்டில் ஒளி பாய்ச்சுங்கள். கண்ணிலும் கருமையான இறகுகளிலும் வேலம்பிசின் பூச்சு இருந்தால் அந்த இடம் மட்டும் மினுங்கும். தாள் முழுக்க ஒரே சீராக மினுங்கினால் அது பிசின் பூச்சு அல்ல, சந்தேகப்படுங்கள்.

சந்தேகம் தீரவில்லையென்றால் பயோடைவர்சிட்டி ஹெரிட்டேஜ் லைப்ரரி என்ற இணைய நூலகத்தில் இந்த நூல்களின் மின்படிகள் கிடைக்கின்றன. உங்கள் தாளின் ஒரு சிறு பகுதியை, உதாரணமாகக் பறவையின் கால் நகமும் அதன் கீழுள்ள கிளைப் பட்டையும் சேர்ந்த இடத்தை, அதோடு ஒப்பிடுங்கள். கோடு அப்படியே பொருந்த வேண்டும். வண்ணம் பொருந்த வேண்டியதில்லை.

6. தாளின் வயது

அக்காலத்து நல்ல தாள் பருத்தி, லினன் கந்தல்களிலிருந்து வந்தது. இருநூறு ஆண்டு நெருங்கியும் வளைத்தால் வளையும், மொறுமொறுவென்று உடையாது. மரக்கூழ்த் தாள் பழுத்து நொறுங்கும் தன்மை இதற்கு இல்லை. உடையும் அளவுக்குப் பழுத்த தாளை 'எவ்வளவு பழமை பாருங்கள்' என்று ஒருவர் காட்டினால், அவர் காட்டுவது பழமையை அல்ல, மலிவான தாளை.

ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் சில தாள்களில் தயாரிப்பாளர் பெயரும் ஆண்டும் நீர்க்குறியாகத் தெரியும். படம் வெளியான காலத்துக்குச் சற்று முந்தைய ஆண்டு இயல்பானது. பல ஆண்டு பிந்தியது என்றால் பின்னாளில் அச்சானது. நீர்க்குறி இல்லாததை மட்டும் வைத்துப் போலி என்று சொல்ல முடியாது.

அறையை இருட்டாக்கிப் புற ஊதா டார்ச்சைச் சில நொடிகள் அடியுங்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு தாள்களில் சேர்க்கப்பட்ட வெண்மையூட்டிகள் பளீரென்று நீலமாக ஒளிரும். பழைய தாள் மங்கலாகவே இருக்கும். ஒரு மூலை மட்டும் ஒளிர்ந்தால் அங்கே புதிய தாளால் ஒட்டுப் போட்டிருக்கிறார்கள். இந்தச் சோதனை ஒரு பக்கம்தான் பேசும்: ஒளிர்ந்தால் புதிது, ஒளிராதது எல்லாம் பழையது அல்ல, வெண்மையூட்டி சேர்க்காத தாள் இன்றும் கிடைக்கிறது.

7. வண்ணத்தை இப்போது பாருங்கள்

'எலிசபெத்தே வண்ணம் தீட்டியது' என்று விற்பவர்களை நம்ப வேண்டாம். கேப்ரியல் பேஃபீல்ட் என்பவரின் தலைமையில் கூலிக்கு வண்ணம் தீட்டியவர்கள் மாதிரியைப் பார்த்துப் பிரதி பிரதியாகத் தீட்டினார்கள். ஒரு பிரதியில் புல்ஃபிஞ்சின் மார்பு ரோஜாச் சிவப்பாகவும், இன்னொன்றில் செங்கல் சாயலாகவும் இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

இன்னொரு காரணம் வெளிச்சம். கார்மைன் போன்ற பழைய சிவப்புகள் ஒளியில் வெளிறும். மவுண்ட் அட்டைக்கு அடியில் மறைந்திருந்த பகுதியில் ஏதேனும் வண்ணம் இருந்தால் அதோடு ஒப்பிட்டால் எவ்வளவு போயிற்று என்று தெரியும். வெள்ளைப் பகுதிகள் சாம்பலாகவோ கறுப்பாகவோ மாறியிருந்தால் ஈய வெள்ளை காற்றிலுள்ள கந்தகத்தோடு சேர்ந்து கறுத்திருக்கலாம். ஸ்னோ பண்டிங் போன்ற வெண்சிறகுப் பறவைகளில் இதை முக்கியமாகத் தேடுங்கள். அழுக்கு என்று நினைத்து ரப்பரைக் கையில் எடுப்பவர்களை நான் தடுத்திருக்கிறேன்.

அச்சு அசல், வண்ணம் மட்டும் புதிது என்ற வகையும் உண்டு. கண்டுபிடிக்கும் வழி எளிது: பழுப்புப் புள்ளிகளும் சிறு கிழிசல்களும் வண்ணப் பகுதியைத் தொடும் இடத்தைத் தேடுங்கள். பழைய வண்ணம் என்றால் சேதம் வண்ணத்தின் மேலே வந்திருக்கும். புதிய வண்ணம் என்றால் கிழிசலின் நார்களுக்குள் வண்ணம் ஊறியிருக்கும். பழுப்புப் புள்ளியை மறைத்தபடி பரவியிருக்கும். தாளைத் திருப்பியும் பாருங்கள். செம்பு கலந்த பழைய பச்சைகள் நாளடைவில் தாளை அரித்து மறுபக்கம் பழுப்பாகத் தெரிவது உண்டு.

பறவையைத் தெரிந்தவருக்கு இங்கே கூடுதல் பலம். ஆண் புல்ஃபிஞ்சுக்குக் கறுப்புத் தொப்பியும் வெள்ளை இடுப்பும் வேண்டும். பிராம்ப்ளிங்குக்குத் தோளில் ஆரஞ்சு வேண்டும். வாக்ஸ்விங்கின் வால் நுனி மஞ்சள். இவை தவறியிருந்தால், மாதிரியைப் பார்க்காத யாரோ பிறகு தீட்டியிருக்கிறார்கள்.

8. சேதத்தில் எதைப் பொறுக்கலாம்

ஓரத்தில் சில பழுப்புப் புள்ளிகள், நூலில் எதிர்ப்பக்கத்து எழுத்தின் மங்கலான படிவு, சிறிய ஓரக் கிழிசல் ஆகியவை இந்த வயதுக்கு இயல்பு.

தண்ணீர் பட்ட அலைக்கோடு வண்ணத்துக்குள் நுழைந்திருந்தால் விலகுங்கள். பூஞ்சை வாடை அடித்தால் எவ்வளவு மலிவாக வந்தாலும் வேண்டாம்; வீட்டில் இருக்கும் மற்றத் தாள்களுக்கும் அது பரவும். அட்டையில் முழுதாக ஒட்டப்பட்ட தாளை வாங்குவதாக இருந்தால், பின்பக்கத்தை ஒருபோதும் பார்க்கப் போவதில்லை என்று தெரிந்தே வாங்குங்கள்.

9. தொலைவிலிருந்து வாங்கும்போது

தமிழ்நாட்டில் இருந்துகொண்டு இவற்றை வாங்குவோர் பெரும்பாலும் லண்டன், ஐரோப்பிய வணிகர்களிடம் இணையம் வழியே வாங்குகிறார்கள். அப்போது மேலே சொன்ன படிகளை விற்பவரைச் செய்யச் சொல்ல வேண்டும். ஃபிரேமிலிருந்து எடுத்த முழுத்தாள், பின்பக்கம், அடிவரி நெருக்கத்தில், கிளை நிழல் லென்ஸ் வழியே, பக்கவாட்டு வெளிச்சத்தில் ஒன்று என இந்தப் படங்களைக் கேளுங்கள். அளவை மில்லிமீட்டரில் எழுத்தாக வாங்குங்கள்.

விளம்பரத்தில் 'விண்டேஜ்' என்று மட்டும் இருந்தால் அது 20-ஆம் நூற்றாண்டு மறுபதிப்பாகவே இருக்க வாய்ப்பு அதிகம். நூல் பெயர், ஆண்டு, கையால் வண்ணம் தீட்டிய கல்லச்சு என்ற மூன்றையும் ரசீதில் எழுதித் தருவாரா என்று கேளுங்கள். நேர்மையான வணிகர் கேட்பதற்கு முன்பே எழுதியிருப்பார்.

சுங்கத்துக்கும் அந்த ரசீதுதான் ஆதாரம். அசல் அச்சுப் படங்களும் கல்லச்சுகளும் சுங்க வகைப்பாட்டில் 97.02 என்ற தலைப்பின் கீழ் வருகின்றன. சாதாரண அச்சுப் படங்கள் 49-ஆம் அத்தியாயம். விற்பவர் பார்சலில் வெறுமனே 'போஸ்டர்' என்று எழுதினால் பின்னால் அலைய வேண்டியது நீங்கள்தான். தீர்வை விகிதம் மாறக்கூடியது. பணம் அனுப்பும் முன் பார்த்துக்கொள்ளுங்கள். நூறாண்டு கடந்த கலைப்பொருள்களை இந்தியாவிலிருந்து வெளியே அனுப்புவதற்குச் சட்டக் கட்டுப்பாடு உண்டு. பின்னர் விற்கவோ எடுத்துப்போகவோ நேரலாம் என்பதால் இறக்குமதிக் காகிதங்களைத் தூக்கி எறியாதீர்கள்.

இரண்டு கெட்டி அட்டைகளுக்கு நடுவே தட்டையாக அனுப்பச் சொல்லுங்கள். குழாயில் சுருட்டினால் பிசின் பூசிய இடங்கள் வெடிக்கும்.

10. பார்சல் வந்த அன்று திறக்காதீர்கள்

குளிர்ந்த நாட்டிலிருந்தோ குளிரூட்டிய கிடங்கிலிருந்தோ வரும் தாளைச் சென்னைக் காற்றில் உடனே பிரித்தால் அதன்மேல் ஈரம் படியும். உறையோடு ஒரு நாள் அறையில் கிடக்கட்டும். பிறகு பிரித்து, 3 முதல் 8 வரையுள்ள படிகளை நீங்களே மீண்டும் செய்யுங்கள். திருப்பி அனுப்பும் கெடு முடிவதற்குள் இதை முடிக்க வேண்டும்.

11. சுத்தம் செய்யும் ஆசையை அடக்குங்கள்

இந்த வண்ணங்கள் நீரில் கரைபவை; பிசினும் அப்படியே. ஈரத்துணி ஒருமுறை பட்டால் புல்ஃபிஞ்சின் மார்பு துணிக்கு வந்துவிடும். பிளீச், ரொட்டித் துண்டு, ரப்பர் என்று இணையம் சொல்லும் வைத்தியம் எதுவும் வேண்டாம். ஓரத்து வெற்றுப் பகுதியில் தூசு இருந்தால் மென்தூரிகையால் வெளிப்புறமாகத் தட்டிவிடுங்கள். அதற்கு மேல் தேவைப்பட்டால் தாள் பாதுகாப்பு வல்லுநரிடம்தான் போக வேண்டும்.

12. மவுண்ட், ஃபிரேம்

ஃபிரேம் கடைக்குப் போகும்போது தாளை விட்டுவிட்டு வராதீர்கள். அளவை மட்டும் கொடுத்து, சட்டத்தையும் கண்ணாடியையும் செய்து வாங்கி, தாளை நீங்கள் பொருத்துவது உத்தமம். சட்டத்துக்குத் தாள் பெரிதாக இருந்தால் தாளை வெட்டுவதுதான் பல கடைகளில் வழக்கம். தையல் துளைகளும் அடிவரியும் அப்படித்தான் குப்பைக்குப் போகின்றன.

தாளைத் தொடும் அட்டைகள் இரண்டும், முன்னால் ஜன்னல் வெட்டிய மவுண்டும் பின்னால் தாங்கும் அட்டையும், அமிலமற்றவையாக இருக்க வேண்டும். சாதாரண அட்டையின் அமிலம் ஜன்னல் ஓரத்தில் தாளின்மேல் பழுப்புக் கோடாக எரியும். ஹார்ட்போர்டு, பிளைவுட் இரண்டும் தாளுக்கு நேரடியாகப் பின்னால் வரக்கூடாது.

தாளை ஒட்ட வேண்டியது மேல் ஓரத்தில் இரண்டு இடங்களில் மட்டும். ஜப்பானியத் தாளில் கிள்ளிய சிறு பட்டைகளும் கோதுமை ஸ்டார்ச் பசையும் போதும். பட்டையின் பாதி தாளின் பின்புறத்தில், பாதி அட்டையில். இப்படித் தொங்கவிட்டால் ஈரப்பதத்துக்கு ஏற்பத் தாள் விரிந்து சுருங்க இடம் இருக்கும். நான்கு பக்கமும் ஒட்டினால் அலையலையாக எழும்பும். மைதாப் பசை ஸ்டார்ச்சுக்கு மாற்றல்ல. அதிலுள்ள புரதம் பூச்சிகளுக்கு விருந்து. செலோடேப், ஃபெவிகால், லேமினேஷன் மூன்றும் திரும்ப முடியாத பாதைகள்.

கண்ணாடி தாளைத் தொடக்கூடாது. மவுண்டின் தடிமன் தரும் இடைவெளி அதற்குத்தான். தொட்டால் மழைக்காலத்தில் பிசின் கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும். புற ஊதாக் கதிரைத் தடுக்கும் கண்ணாடி கிடைத்தால் அதையே போடுங்கள். கிடைத்தாலும் வெயில் படும் சுவர் கூடாது.

13. எங்கே மாட்டுவது

வெளிச்சுவர், குளியலறைச் சுவர், சமையலறைக்கு எதிர்ச்சுவர் மூன்றும் விலக்கு. உட்சுவரில், சட்டத்தின் கீழ் மூலைகளில் ரப்பர் குமிழ் ஒட்டி, பின்னால் காற்று ஓட இடம் விட்டு மாட்டுங்கள். ஈரப்பதம் 45–55 சதவீதம் நல்லது. 65-ஐத் தாண்டி நீடித்தால் பூஞ்சை வரும். கடலோர ஊர்களில் ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் இதைக் கட்டுப்படுத்துவது கடினம். அந்த மாதங்களில் சுவரிலிருந்து இறக்கி, சிலிக்கா ஜெல் போட்ட மூடிய பெட்டியில் படுக்கவைப்பது எனக்குப் பழக்கம். பகலில் அணைத்து இரவில் மட்டும் ஏ.சி. போடும் அறை, ஏ.சி. இல்லாத அறையைவிட மோசம். தாள் தினமும் விரிந்து சுருங்கும்.

நீர்வண்ணத்துக்கு 50 லக்ஸ் வெளிச்சம் என்பது அருங்காட்சியக அளவு. வீட்டில் அதை அளந்து வாழ முடியாது. பல படங்கள் இருந்தால் மாற்றி மாற்றி மாட்டுங்கள்; ஒன்றே இருந்தால் ஆண்டில் சில மாதங்கள் அதற்கு இருட்டில் ஓய்வு கொடுங்கள்.

இராமபாணப் பூச்சிக்குப் பழைய தாளின் பசை பிடிக்கும். ஃபிரேமின் பின்புற இடுக்கைக் காகித டேப்பால் மூடுங்கள். அந்துருண்டையையோ வேப்பிலையையோ உள்ளே வைக்காதீர்கள். அந்துருண்டையின் ஆவி உங்கள் உடலுக்கும் ஆகாது; வேப்பிலை கறை விடும்.

14. பதிவு

நூல் பெயர், அடிவரி எழுத்துக்கு எழுத்து, அளவு, சேதங்கள், வாங்கிய இடம், விலை, லென்ஸில் எடுத்த படங்கள் எல்லாவற்றையும் தனியாக எழுதி வையுங்கள். படத்தின் பின்புறத்தில் எதையும் எழுத வேண்டாம். முந்தைய உரிமையாளர் எழுதியிருந்தால் அழிக்கவும் வேண்டாம். பதிவின் ஒரு நகலை உறையிலிட்டு ஃபிரேமின் பின் அட்டைக்கு வெளியே ஒட்டுங்கள். படமும் அதன் விவரமும் வீடு மாறும்போது பிரியாமல் இருக்க வேறு வழியில்லை. ஆண்டுக்கு ஒருமுறை ஃபிரேமை இறக்கிப் பின்புறத்தைத் திறந்து, ஈரமும் பூச்சியும் இருக்கின்றனவா என்று பார்த்து, தேதியை அந்தப் பதிவிலேயே குறித்துக்கொள்ளுங்கள்.